காலில் விழுந்த பிறகு என்ன பேச முடியும்? சிறார் குற்றமும் நேருக்கு நேர் சந்திப்பும்

காட்பாடி டீச்சர் (ஞாயிறு, மாலை 5:10)

எல்லாருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் 31 வருஷம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஐந்து வருஷமாக, தப்பு செய்த பிள்ளையையும் அதனால் பாதிக்கப்பட்டவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச வைக்கும் வேலையில் தன்னார்வலராக இருக்கிறேன். கட்டுரைகளில் இதை ‘மறுசீரமைப்பு நீதி’ என்கிறார்கள். எங்களுக்குள் ‘சந்திப்பு’ என்றே சொல்லிக்கொள்வோம். கீழே எழுதுவதில் ஊர், வயது, பொருள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். தயவுசெய்து யாரும் இன்னார் என்று ஊகித்து எழுத வேண்டாம்.

என் முதல் வருஷத்தில் நடந்தது இது. வாலாஜா பக்கம் தறி நெய்யும் ஒரு பெரியவர். பெண்ணின் வளைகாப்புக்கு எடுத்து வைத்திருந்த பணத்தைப் பக்கத்துத் தெருப் பையன் ஓட்டைப் பிரித்து இறங்கி எடுத்துவிட்டான். பையன் ஒப்புக்கொண்டான், பணத்தில் பாதி திரும்பக் கிடைத்தது. நான் இரண்டு தரப்பிடமும் ஒரே ஒரு தடவை பேசிவிட்டு, பிரம்மாதமாக நடக்கும் என்று கூட்டி உட்கார வைத்தேன். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் பையனின் அம்மா எழுந்து போய் பெரியவரின் காலில் விழுந்துவிட்டார். அவர் பதறிப்போய், “எழுந்திரும்மா, போவட்டும் வுடு” என்றார். எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். இருபது நிமிஷத்தில் முடிந்தது. நான் பிஸ்கட் கொடுத்து அனுப்பினேன். வீட்டுக்கு வந்து சந்தோஷமாகத் தூங்கினேன்.

இரண்டு மாசம் கழித்துப் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். “டீச்சரு, அந்தப் பையன் வாயத் தொறக்கவே இல்ல. அவங்கம்மா வுழுந்துட்டாங்க. ஒரு பொம்பள கால்ல வுழுந்த பொறவு நான் இன்னாத்த கேக்கறது? என்னை மன்னிக்க வெச்சிட்டீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை விடாமல் இருக்கிறது. பணம் மட்டும் போயிருந்தது அவருக்கு. அதன் மேல், கோபப்படும் உரிமையையும் நான் பறித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நிறைய மாற்றினேன். போன வருஷம் ஒரு சந்திப்பு. விடியற்காலை மூணு மணிக்கு நேதாஜி மார்க்கெட் போய்ப் பூ வாங்கி வந்து விற்கும் ஒரு அம்மா. கணவர் இல்லை, பெண் பத்தாவது படிக்கிறாள். அவருடைய டிவிஎஸ் 50-ஐ மூன்று பையன்கள் ராத்திரியில் தள்ளிக்கொண்டு போய், பாலாற்று மணலில் ஓட்டி, பாகங்களைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மூவரில் ஒருவன் மட்டும் ‘அந்த அம்மாவைப் பார்க்கிறேன்’ என்று சம்மதித்தான். அம்மாவோடு ஆறு தடவை, பையனோடு ஐந்து தடவை தனித்தனியாகப் பேசினேன். பத்து வாரம் ஆனது.

அந்த அம்மா பணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: “எங்க வூட்டாண்ட வந்து நோட்டம் பாத்தீங்களா? பொம்பளங்க மட்டும் கீற வூடுன்னு தெரிஞ்சு வந்தீங்களா?” அந்த ராத்திரியிலிருந்து கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டுத்தான் தூங்குகிறாராம். பெண்ணை அரக்கோணத்தில் தங்கை வீட்டில் விட்டுவிட்டார்.

பையன் தலையைத் தூக்காமல் சொன்னான்: “இல்லம்மா. காளை விடுற விழா பாத்துட்டு வந்துகினு இருந்தோம். சாவி வண்டியிலயே இருந்துச்சி. அது யார் வூடுன்னே தெரியாது.”

அந்த அம்மா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. மூன்று மாசமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு. பையனை உடைத்தது வண்டி விஷயம் இல்லை, அந்தப் பெண் பள்ளிக்கூடம் மாறிப் போனாள் என்பது. “எங்களாலயா?” என்று இரண்டு தடவை கேட்டான்.

வீட்டுக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டுத் தருகிறேன் என்றான். அம்மா “வூட்டுக்கு வேணாம்” என்றார். அவ்வளவுதான், அதை நான் பேசி மாற்ற முயலவில்லை. ரிப்பேர் செலவைப் பையனின் அப்பா நாலு தவணையில் கட்டினார். வண்டி தயாராகும் வரை பையன் மெக்கானிக் கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், எதைப் பிரித்தான், அதைத் திரும்ப மாட்ட எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும் என்றார் அந்த அம்மா. உட்கார்ந்தான். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் கேள்வி இரண்டு. காலில் விழுவதை நம் ஊரில் எப்படித் தடுப்பது? அதோடு, இதைக் கேள்விப்படுகிற எல்லாரும் “ஓ, பஞ்சாயத்தா?” என்கிறார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

---

லாங் பஜார் (ஞாயிறு, இரவு 10:25)

டீச்சர், மரியாதையோடதான் சொல்றேன், கோச்சுக்காதீங்க. எனக்கு இதுல நம்பிக்கை இல்ல.

என் கடைப் பூட்டை உடைச்சு நாலு வருஷம் ஆவுது. செஞ்சது பக்கத்துக் கடையில எடுபிடி வேலை பாத்த பையன், அப்போ வயசு பதினாறு. புடிச்சாங்க, சின்னப் பசங்க கேஸை விசாரிக்கிற சிறார் நீதிக் குழுமத்துல நிறுத்துனாங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லல. ஸ்டேஷன்ல கேட்டா “சின்னப் பையன் கேஸு, அதெல்லாம் சொல்லக்கூடாது”ன்னாங்க. ஆறு மாசம் கழிச்சு அதே பஜார்ல அவன் டீ வாங்கிட்டுப் போறான். என்னைப் பாத்ததும் எதிர்ப்பக்கம் போயிட்டான்.

அவனுக்குக் கவுன்சிலிங் குடுத்தாங்களாம். எனக்கு யார் குடுத்தா? இன்னைக்கும் கடையைப் பூட்டிட்டுப் பாதி தூரம் போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாக்கறேன். பையன் திருந்தணும்னு ஆயிரம் பேர் கவலைப்படறீங்க. இழந்தவனைப் பத்தி அந்தச் சட்டத்துல ஒரு வரியாவது இருக்கா?

---

சத்துவாச்சாரி வக்கீல் (திங்கள், காலை 7:50)

லாங் பஜார் அண்ணன் சொல்வது நியாயமான குறை. சிறார் நீதிச் சட்டம் 2015, குழுமம் கடைசியில் என்ன உத்தரவு போடலாம் என்பதைப் பிரிவு 18-ல் சொல்கிறது: அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்புவது, குழு ஆலோசனை, சமூக சேவை, அபராதம், நன்னடத்தையின் பேரில் விடுவிப்பது, அதிகபட்சம் மூன்று வருஷம் சிறப்பு இல்லம். அந்தப் பட்டியலில் பாதிக்கப்பட்டவரைக் கூப்பிட்டு ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்கும் இடம் இல்லை. பிரிவு 74 பையனின் அடையாளத்தைக் காக்கிறது. மீறி வெளியிட்டால் ஆறு மாசம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அது வேண்டிய பாதுகாப்புதான். ஆனால் ஸ்டேஷனில் அதையே காரணம் காட்டி இழந்தவரை வெளியே நிறுத்திவிடுகிறார்கள்.

டீச்சர் செய்வதற்குச் சட்டத்தில் கால் ஊன்ற இடம் உண்டு. பிரிவு 3-ல் உள்ள கோட்பாடுகளில் ஒன்று, சிறார் வழக்குகளை முடிந்தவரை நீதிமன்ற நடவடிக்கைக்கு வெளியே கையாள ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. பையனின் குடும்பம், சூழ்நிலை பற்றி நன்னடத்தை அலுவலர் பதினைந்து நாளில் தர வேண்டிய சமூக விசாரணை அறிக்கை இன்னொரு வாசல். குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்காருகிறார்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இந்த மாதிரி சந்திப்பின் பலன் அவர்கள் காதுக்குப் போனால் மதிப்பு இருக்கும்.

ஆனால் டீச்சர், மூன்று விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். பையன் ‘நான் செய்யவில்லை’ என்று சொல்லும் வழக்கில் சந்திப்பே கூடாது. “போய் ஸாரி சொல்லிடு, கேஸ் முடிஞ்சிடும்” என்று அப்பாவிப் பிள்ளையைத் தள்ளிவிட்ட கதை எனக்குத் தெரியும். அடுத்தது, அறைக்குள் பேசியதை யாரும் எடுத்துக்கொண்டுபோய் விசாரணையில் சாட்சியாக வைக்கக் கூடாது. இதை முன்கூட்டியே எல்லாரிடமும் எழுதி வாங்குங்கள். கடைசியாக, போக்சோ, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் சட்டத்தில் வரும் வழக்கு. அதில் சமரசம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. பாலியல் வன்கொடுமை வழக்கில் சமரசத்தை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2015-ல் மத்தியப் பிரதேச வழக்கொன்றில் கடுமையாகச் சொல்லியிருக்கிறது. “ஊரிலேயே பேசி முடிச்சிக்கலாம்” என்று யார் வந்தாலும், எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும், கதவைச் சாத்துங்கள்.

---

காட்பாடி டீச்சர் (திங்கள், மதியம் 2:15)

வக்கீல் தம்பி, மூன்றையும் ஏற்கிறேன். போக்சோவைத் தொடுவதே இல்லை. எழுதி வாங்குவதை நான் சரியாகச் செய்வதில்லை, வாய்வார்த்தையாகவே விட்டிருக்கிறேன். இனி மாற்றுகிறேன்.

லாங் பஜார் அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? அந்தப் பையன் எதிரே உட்கார்ந்தால் நீங்கள் கேட்க விரும்பும் முதல் கேள்வி எது? பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை.

---

பொன்னையாற்றுக்காரன் (திங்கள், இரவு 9:05)

‘பஞ்சாயத்தா?’ன்னு கேக்கறவங்களுக்குக் காரணம் இருக்கு டீச்சர்.

நான் காலனியில பொறந்தவன். எனக்குப் பதிமூணு வயசு. நாங்க நாலு பேர் ஊர்ப் பக்கம் மாந்தோப்புல மாங்கா அடிச்சோம். ராத்திரி கோயில் எதிர்ல உக்கார வெச்சாங்க. ஊர்க்காரங்க எல்லாம் திண்ணை மேல, எங்கப்பா கீழ மண்ணுல. எங்களை ஒவ்வொருத்தரா கால்ல விழச் சொன்னாங்க. அபராதம் அப்பாவோட ரெண்டு மாசக் கூலி. அடுத்த வருஷம் அந்தப் பக்கத்துப் பசங்க எங்க தெருவுல டியூஷன் நடந்த கொட்டகையை அடிச்சி நொறுக்குனப்போ, அதே பெரியவங்க “சின்னப் பசங்க வெளையாட்டு, வுடுங்கப்பா”ன்னாங்க.

நீங்க சொல்ற சந்திப்பு நல்ல எண்ணம்தான். ஆனா கால்ல விழறதுன்னா மரியாதைன்னு எல்லாரும் நெனைக்கறீங்க. எங்களுக்கு அது தண்டனை. ஒரு காலனிப் பையனை ஊர்க்கார வூட்டு ஆள் எதிர்ல உக்கார வெச்சி “உன் தப்பை ஒத்துக்க”ன்னு நீங்க சொன்னா, அவன் காதுல விழறது அந்தக் கோயில் திண்ணைச் சத்தம்தான்.

---

காட்பாடி டீச்சர் (செவ்வாய், காலை 6:30)

தம்பி, ராத்திரி இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வித்தியாசம் எதில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பஞ்சாயத்தில் தீர்ப்பு சொல்ல ஒருவர் மேலே உட்கார்ந்திருக்கிறார். சந்திப்பில் தீர்ப்பு சொல்ல ஆளே கிடையாது, நான் உட்பட. எல்லாருக்கும் ஒரே உயரத்து நாற்காலி. பஞ்சாயத்துக்கு வர மாட்டேன் என்று சொல்ல முடியாது. இங்கே கடைசி நிமிஷத்தில் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு, ஏன் என்று நான் கேட்டதில்லை. பஞ்சாயத்து ஊர் பார்க்க நடக்கும். இது மூடிய அறைக்குள் நடக்கும்.

ஆனால் நாற்காலியைச் சமமாகப் போட்டால் சாதி சமமாகிவிடாது, நீங்கள் சொல்வது சரி. அதனால் எந்த வழக்கு வந்தாலும் முதலில் விசாரிப்பது இதை: இந்தக் குடும்பம் அந்தக் குடும்பத்தின் நிலத்தில் கூலிக்குப் போகிறதா, கடன் வாங்கியிருக்கிறதா, அவர்கள் வீட்டில் குடியிருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் நடத்துவதில்லை. அப்படி இரண்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சாதியைச் சொல்லித் திட்டியது, அடித்தது என்றால் அது 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பார்க்க வேண்டிய வழக்கு. அதில் என் வேலை எதுவும் இல்லை.

---

பொன்னையாற்றுக்காரன் (செவ்வாய், காலை 8:10)

அதைக் கேக்கறீங்கன்னா சந்தோஷம். ஆனா ஆம்பளைங்ககிட்ட கேட்டா “அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர்”னுதான் சொல்வாங்க. கடன் இருக்குன்னு எந்த அப்பன் வெளிய சொல்வான்? நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்ககிட்ட கேளுங்க. அங்க ஒளிவு மறைவு கிடையாது. இன்னொண்ணு, நடத்தறவங்க ரெண்டு பேரா இருக்கணும், அதுல ஒருத்தர் எங்க பக்கத்து ஆளா இருக்கணும். பேருக்கு உக்கார வெக்கக் கூடாது. பேசறவரா இருக்கணும்.

---

ஆக்லாந்து ஆற்காட்டான் (செவ்வாய், மாலை 4:40)

நான் மக்கன்பேடா ஊர்க்காரன், இப்போது நியூசிலாந்தில் வேலை. இங்கே இது 1989-லிருந்து சட்டமாகவே இருக்கிறது. ‘குடும்பக் கூட்டம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவோரி மக்களின் வழக்கத்திலிருந்து நிறைய எடுத்துக்கொண்டு உருவாக்கியது. பையன், அவன் குடும்பம், பாதிக்கப்பட்டவர், போலீஸ் எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள். கொலை மாதிரியான குற்றங்கள் இதில் வராது.

டீச்சர் கேள்விக்கு உதவக்கூடிய ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் பேசி முடித்ததும் அதிகாரிகளும் பாதிக்கப்பட்டவரும் வெளியே போய்விடுவார்கள். குடும்பம் மட்டும் அறையில் தனியாக இருந்து, ‘நாம் என்ன செய்யப்போகிறோம்’ என்று முடிவெடுத்துத் திரும்பக் கூப்பிடும். அழுகை, திட்டு, கெஞ்சல் எல்லாம் அந்த நேரத்தில் நடந்து முடிந்துவிடும். பாதிக்கப்பட்டவர் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

இதன் தொடக்கம் என்று பலரும் சொல்வது கனடாவின் எல்மைரா என்ற சிற்றூர். 1974-ல் இரண்டு பையன்கள் ஒரே ராத்திரியில் 22 இடங்களில் உடைத்து நாசம் செய்தார்கள். நன்னடத்தை அலுவலர் ஒருவர் நீதிபதியிடம் சொல்லி, அந்தப் பையன்களை ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்ட வைத்தார். சேதத்துக்குப் பணமும் கட்டினார்கள். ஆனால் நம் பூக்கார அம்மா சொன்ன ‘வூட்டுக்கு வேணாம்’ என்பதை வைத்துப் பார்த்தால், கதவைத் தட்டும் முன் அந்த வீட்டுக்காரர்களை யாராவது கேட்டார்களா என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

---

ஒரு அம்மா, ஆம்பூர் (புதன், இரவு 11:20)

நான் இதுல எழுதலாமான்னு தெரியல. ரெண்டு நாளா படிச்சிட்டே இருக்கேன்.

நான் ஷூ கம்பெனியில தையல் வேலை பாக்கறேன். என் மகன் பதினஞ்சு வயசுல ஒருத்தரோட போனைப் புடுங்கிட்டு ஓடினான். அவர் கீழ விழுந்து கையில அடி. தப்பு செஞ்ச பசங்களை வெக்கற இல்லம் வேலூர் காகிதப்பட்டறையில இருக்கு. அந்தப் பேரைக் கேட்டாலே எனக்குக் கை நடுங்கும், அங்க போட்டுருவாங்களோன்னு. ஸ்கூல்ல டிசி வாங்கிக்கச் சொல்லிட்டாங்க. என் தெருவுல யாரும் எங்க வீட்டு விசேஷத்துக்கு வரல.

எங்களையும் ஒரு தடவை அந்தப் போன்காரர் எதிர்ல உக்கார வெச்சாங்க. நானும் கால்ல விழுந்தேன் டீச்சர். அது நடிப்பு இல்ல. அந்த ரூம்ல எல்லாரும் அவன்கிட்டயும் அவர்கிட்டயும் பேசுனாங்க. என்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல. ஒம்பது மணி நேரம் மெஷின்ல உக்காந்துட்டு வர்றவ, பிள்ளை எங்க போறான்னு தெரியாம இருந்தவ, எனக்கும் சொல்ல இருந்துச்சு. சொல்ல இடம் இல்ல. அதான் விழுந்துட்டேன்.

எனக்குன்னு அஞ்சு நிமிஷம் குடுத்திருந்தா விழுந்திருக்க மாட்டேன். முன்னாடியே யாராவது “அம்மா, நீங்க விழுந்தா அவரால பேச முடியாமப் போயிடும்”னு சொல்லியிருந்தாலும் விழுந்திருக்க மாட்டேன். அவர் என்னை எழுப்பிவிட்டுட்டு எதுவும் பேசாமப் போயிட்டாரு. அவருக்கு என்ன இருந்துச்சோ மனசுல, இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

---

காட்பாடி டீச்சர் (வியாழன், காலை 5:55)

அம்மா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. ஐந்து வருஷமாக இதற்கு விடை தேடியவள் நான். வாலாஜா பெரியவரிடம் மட்டும்தான் தப்பு செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையனின் அம்மாவிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவரோடு முன்னால் பேசியதுகூட எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை மட்டும்தான்.

இனிமேல் இப்படிச் செய்யப்போகிறேன். அம்மா அப்பாவோடு தனியாகக் குறைந்தது இரண்டு தடவை. சந்திப்பில் அவர்கள் பேசும் முறை எப்போது வரும் என்று முன்னாலேயே சொல்லிவிடுவது. என் வரிசை இப்போது இது: முதலில் பையன், என்ன நடந்தது என்று முழுசாக. சிலர் பாதிக்கப்பட்டவர் முதலில் பேசட்டும் என்பார்கள். நான் அவரிடமே விட்டுவிடுகிறேன், பெரும்பாலும் “அவன் சொல்லட்டும், கேட்கிறேன்” என்கிறார்கள். அடுத்து இழந்தவர், எவ்வளவு நேரமானாலும். பிறகு அவர் கூட வந்தவர். அதற்கப்புறம் பையனின் அம்மா. ‘மன்னிப்பு’ என்ற வார்த்தையை நான் எடுப்பதில்லை, கூட இருப்பவர்களும் எடுக்கக் கூடாது என்று சொல்லி வைப்பேன். “இதைச் சரிசெய்ய என்ன செய்யலாம்?” என்பது மட்டும்தான் கடைசிக் கேள்வி.

இடம்: ஸ்டேஷன் வேண்டாம், கோர்ட் வளாகம் வேண்டாம், கோயில், மசூதி, சர்ச் எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வகுப்பறை எனக்குச் சரியாக வருகிறது. கதவுக்கு அருகே இருக்கும் நாற்காலி எப்போதும் பாதிக்கப்பட்டவருக்கு. எழுந்து போக வேண்டும் என்று தோன்றினால் யாரையும் தாண்டாமல் போக முடியும்.

---

சத்துவாச்சாரி வக்கீல் (வியாழன், காலை 9:30)

ஆம்பூர் அம்மா, டிசி வாங்கிக்கொள்ளச் சொன்னது தவறு. பிரிவு 24-ன்படி அந்தத் தீர்ப்பு உங்கள் மகனின் படிப்புக்கோ வேலைக்கோ தடையாக நிற்கக் கூடாது. ஆவணங்களும் காலக்கெடு முடிந்ததும் அழிக்கப்பட வேண்டியவை. (16 வயசுக்கு மேல், கொடுங்குற்றம், பெரியவராக விசாரித்த வழக்கு என்றால் வேறு. உங்களது அது இல்லை.) மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே வழக்கறிஞர் கிடைப்பார். தயங்காமல் போங்கள்.

---

லாங் பஜார் (சனி, இரவு 10:50)

நாலு நாளா யோசிச்சேன் டீச்சர். முதல் கேள்வி இன்னான்னு கேட்டீங்க.

பணம் இல்ல, அது இன்சூரன்ஸ்ல கொஞ்சம் வந்துச்சு. அந்தப் பையனுக்கு நான் தினம் சாயங்காலம் பஜ்ஜி வாங்கிக் குடுப்பேன். எனக்குப் பையன் கெடையாது. அதனால கேக்கணும்: டேய், கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா? இதத்தான் கேக்கணும். அவன் மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்.

ஆம்பூர் தங்கச்சி எழுதுனதைப் படிச்சப்பறம் அவங்கம்மா நெனப்பு வந்துச்சு. கேஸ் நடந்தப்போ கடைக்கு ஒரு தடவை வந்து நின்னாங்க. நான் ஷட்டரை இறக்கிட்டேன்.

கேஸ் முடிஞ்சி இவ்ளோ நாள் கழிச்சு இதெல்லாம் முடியுமா?

---

காட்பாடி டீச்சர் (ஞாயிறு, காலை 6:20)

முடியும் அண்ணா. வழக்கு முடிந்த பிறகு நடப்பதில் ஒரு நல்லது உண்டு, அவனுக்கு இதனால் கேஸில் லாபம் எதுவும் கிடையாது. வந்தான் என்றால் வரவேண்டும் என்றுதான் வருவான்.

ஆனால் நான் முதலில் அவனைக் கேட்க வேண்டும். அவன் வேலை செய்யும் இடத்துக்குப் போக மாட்டேன், முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அவன் வேண்டாம் என்றால் அத்தோடு நிறுத்திவிடுவேன், உங்களுக்கு வருத்தமாக இருந்தாலும். அதுவரை பஜாரில் அவனைப் பார்த்தால் நீங்களாகக் கூப்பிட்டுப் பேசிவிடாதீர்கள்.

---

லாங் பஜார் (ஞாயிறு, காலை 7:05)

பேச மாட்டேன். வாக்கு.

மன்னிப்பேன்னு இப்பவே சொல்ல முடியாது, அதையும் அவன்கிட்ட சொல்லிடுங்க. அவங்கம்மா வந்தா நாற்காலி போடுங்க, நான் எழுந்து நின்னு கும்பிடறேன்.

அந்த உடைஞ்ச பூட்டை இன்னும் வெச்சிருக்கேன், கல்லாப்பெட்டிக்குக் கீழ. எடுத்துட்டு வரலாமா?

---

காட்பாடி டீச்சர் (ஞாயிறு, காலை 7:12)

எடுத்துட்டு வாங்க அண்ணா. நீங்க பூட்டு கொண்டு வர்றீங்கன்னு அவன்கிட்டயும் முன்னாடியே சொல்லிடறேன்.